நியூஜெர்சியில நாலு நாள் மிச்சம், எங்க போறது?

2024 அக்டோபர்ல ஆபீஸ் வேலையா ரெண்டு வாரம் நியூஜெர்சி போயிருந்தேன். எடிசன்ல தங்கல். வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலை இருக்கும்னுதான் சொல்லியிருந்தாங்க, ஆனா அடுத்து வர்ற திங்கள் கொலம்பஸ் டே லீவு, லாங் வீக்கெண்ட், க்ளையண்ட் சைடுல பாதிப் பேர் வெள்ளிக்கும் சேத்து லீவு போட்டுட்டதால பத்தாம் தேதி வியாழக்கிழமையே எல்லாத்தையும் முடிச்சு கைகுலுக்கி அனுப்பிட்டாங்க. எனக்கு ரிட்டர்ன் ஃப்ளைட் பதினாலாம் தேதி திங்கக்கிழமை ராத்திரி, நெவார்க்ல இருந்து. டிக்கெட்டை முன்னாடி மாத்தலாமான்னு கேட்டா அவங்க சொன்ன தொகையில இன்னொரு டிக்கெட்டே எடுத்துடலாம். ஆக வெள்ளி, சனி, ஞாயிறு முழுசா, திங்கள் பாதி. எல்லாரும் நாலு நாள்னு சொன்னாங்க, நானும் அப்படியே சொல்லிக்கிட்டேன்.

இந்த விஷயம் வெளிய தெரிஞ்சதுதான் தாமதம், ஆளாளுக்கு ஒரு ஊரை எடுத்துக் குடுத்தாங்க. டீம்ல ஒருத்தர் கிராண்ட் கேன்யன் போகாம திரும்பக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னார். சென்னையில இருந்து வீட்டுக்காரர் போஸ்டன்ல அந்த நேரம் மரமெல்லாம் செவப்பா மஞ்சளா இருக்கும், அதைப் போய்ப் பாருன்னார். பையனுக்குப் பதினோரு வயசு, அவனுக்கு அப்போலோ 11 நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்த கேப்ஸ்யூல் வாஷிங்டன்ல இருக்குன்னு தெரியும், அதை நான் பாத்து வீடியோ எடுத்து அனுப்பணும். நாத்தனார் நயாகரான்னாங்க. சித்தப்பா மட்டும் பிட்ஸ்பர்க் வேங்கடாசலபதி கோயில், அதுவும் புரட்டாசி மாசம், யோசிக்காம போயிட்டு வாம்மான்னார். எல்லாம் அன்புல சொல்றதுதான், ஒண்ணும் தப்பான யோசனை இல்ல. ஆனா ஒவ்வொண்ணும் மேப்ல எங்க இருக்குன்னு பாத்தா தலை சுத்துச்சு. நியூஜெர்சியில இருந்து கிராண்ட் கேன்யனுக்கு இருக்கிற தூரம், மதுரையில இருந்து டெல்லி போய் அதுக்கு அப்புறமும் காஷ்மீரைத் தாண்டிப் போற மாதிரி. நம்ம ஊர்ல "அமெரிக்கா போறேன்"னு சொல்றப்ப அது ஏதோ ஒரே ஊர் மாதிரி மனசுல பதிஞ்சு போயிருக்கு, எனக்கும் முதல் தடவை போறப்ப அப்படித்தான் இருந்துச்சு.

முதல் தடவை போனது 2017. அந்தக் கதையைச் சொல்லியே ஆகணும், ஏன்னா இந்தத் தடவை நான் எடுத்த முடிவுக்கு அதுதான் காரணம். அப்பவும் மூணு நாள் மிச்சம் இருந்துச்சு. நியூயார்க்ல இருந்து கிளம்புற ஒரு டூர் பஸ்ல ஏறிட்டேன், மூணு நாள்ல நயாகரா, வாஷிங்டன், திரும்ப நியூயார்க். பேப்பர்ல பாக்க அவ்ளோ லாபமா இருந்துச்சு. நியூயார்க்ல இருந்து நயாகரா ஏறக்குறைய 400 மைல், அங்க இருந்து வாஷிங்டன் இன்னொரு 400, அங்க இருந்து திரும்ப ஒரு 225. கூட்டிப் பாத்தா 1600 கிலோமீட்டருக்கு மேல. லிங்கன் மெமோரியல் முன்னாடி இறக்கி விட்டு நாப்பது நிமிஷத்துல பஸ்ஸுக்கு வந்துடணும்னாங்க, படி ஏறி லிங்கன் முகத்தை நிமிந்து பாத்து ஒரு போட்டோ, பாத்ரூம் க்யூ, அவ்ளோதான் வாஷிங்டன். ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியத்தை ஜன்னல் வழியா கையைக் காட்டி "அதுதான்"னாங்க. சாப்பாட்டுக்கு அவங்க நிறுத்துற இடத்துலதான் சாப்பிடணும், சைவம்னு கேட்டா இலை தழை மட்டும் ஒரு டப்பாவுல. ஊருக்கு வந்தப்புறம் யாராச்சும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எனக்கு முன் சீட்டோட பின்பக்கத் துணிதான் ஞாபகத்துக்கு வந்துச்சு, நீலத்துல சிவப்புப் புள்ளி.

ஆனா நயாகராவைக் குறை சொல்ல மாட்டேன். கோட் ஐலண்டுன்னு நடுவுல ஒரு தீவு, அதோட ஓரத்துல டெராபின் பாயிண்ட்னு ஒரு இடம், குதிரைலாட அருவி விழுற விளிம்புக்குப் பக்கத்துலயே கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கலாம். எல்லாரும் கீழ விழுற இடத்தைப் பாக்குறாங்க, நான் அந்த விளிம்பையே பாத்துட்டு நின்னேன். தண்ணி அங்க வளையுற இடத்துல கெட்டியான பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கு, சத்தமே இல்லாம வந்து வளைஞ்சு, அதுக்கப்புறம்தான் வெள்ளையா உடையுது. அதை ஒரு நாள் பூரா பாக்கலாம். எனக்குக் கிடைச்சது ரெண்டு மணி நேரம், அதுல பாதி அருவிக்குக் கிட்ட கூட்டிட்டுப் போற போட்டுக்கு க்யூ. போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அந்த போட் குளிர்காலத்துல கிடையாது, நவம்பர்ல நிறுத்திடுவாங்க, ஏப்ரல் கடைசி, மே வாக்குலதான் திரும்ப ஆரம்பிக்கும், அதைப் பாக்காம டிசம்பர்ல டிக்கெட் போட்டுட்டு வருத்தப்படாதீங்க. அப்புறம் அருவியை நேருக்கு நேர் முழுசாப் பாக்குற காட்சி கனடா பக்கம்தான், பாலத்தைத் தாண்டினா போதும், ஆனா இந்திய பாஸ்போர்ட்டுக்கு கனடா விசா தனியா வேணும். இந்தப் பக்கத்துல இருக்கிறது 1885லயே அரசாங்கம் பூங்காவா ஆக்கின இடம், உள்ள போக டிக்கெட் கிடையாது.

அதனால இந்தத் தடவை ஒரு பேப்பரை எடுத்து நடுவுல கோடு போட்டேன். ஒரு பக்கம் சீட்டுல உக்காந்திருக்கிற மணி நேரம், இன்னொரு பக்கம் கண்ணால பாக்குற மணி நேரம். வேற எதையும் எழுதல, செலவு கூட அப்புறம்தான்.

கிராண்ட் கேன்யன் கணக்கு இப்படி வந்துச்சு. நெவார்க்ல இருந்து ஃபீனிக்ஸ் அஞ்சரை மணி நேர ஃப்ளைட். மேற்க போறதால மூணு மணி நேரம் கையில சேரும், அது லாபம். ஃபீனிக்ஸ்ல வாடகைக் கார் எடுத்து, நேஷனல் பார்க்குக்குள்ள இருக்கிற தெற்கு விளிம்பு, சவுத் ரிம் போக 370 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை விடியக்காலை கிளம்புனா சாயங்காலம் நாலு மணி வாக்குல போய்ச் சேரலாம், ரெண்டு மணி நேரத்துல இருட்டிடும். சனிக்கிழமை முழுசா. ஞாயித்துக்கிழமை திரும்பணும், வர்றப்ப அந்த மூணு மணி நேரம் கையை விட்டுப் போயிடும், ஆக ஞாயிறு அப்படியே காலி, திங்கள் பெட்டி கட்டவே சரியா இருக்கும். நாலு நாள்ல ஒரு நாளும் ஒரு சாயங்காலமும். அது போக நான் சென்னையில கார் ஓட்டுறவதான், ஆனா வலது பக்கமா, தெரியாத ரோட்டுல, தனியா 370 கிலோமீட்டர் ஓட்ட எனக்கு மனசு வரல. லாஸ் வேகஸ்ல இருந்து ஒரு நாள் டூர் இருக்கேன்னார் அந்த டீம் நண்பர், பாத்தேன், அதுல நிறைய வெஸ்ட் ரிம்முக்குப் போறது, கண்ணாடிப் பாலம் இருக்கிற இடம், அது ஹுவாலபாய் பழங்குடி மக்களோட நிலம், நேஷனல் பார்க் இல்ல, ரெண்டும் வேற வேற. 1.6 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு ஆறு பூமியை அறுத்து வச்சிருக்கிற இடத்தை, கோடிக்கணக்கான வருஷத்துப் பாறையை வரிசையா அடுக்கிக் காட்டுற இடத்தை, வாட்சைப் பாத்துக்கிட்டே பாக்க எனக்கு இஷ்டமில்ல. அதுக்குத் தனியா ஒரு வாரம் வேணும், வீட்டோட போகணும்.

போஸ்டன் பக்கம் லாங் வீக்கெண்டுல ஹோட்டல் வாடகை கண்ணைக் கட்டுச்சு, இலை நிறம் மாறுறதைப் பாக்க அந்த மூணு நாள்லதான் மொத்தக் கூட்டமும் கிளம்புது. பிட்ஸ்பர்க் கோயில் 1976லயே கட்டினது, அமெரிக்காவுல பழைய கோயில்கள்ல ஒண்ணு, ஆனா ரயில்ல போனா ஒரு பகல் அதுலயே போயிடும். நியூயார்க் பக்கத்துலயே இருக்கு, அதை நான் வேலை நாள்லயே ரெண்டு சாயங்காலம் பாத்துட்டேன், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேண்டீன்ல தோசை உட்பட. ஏழாம் நம்பர் ட்ரெயின்ல கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய் இறங்கி நடக்கணும், கோயிலுக்குக் கீழ பேஸ்மெண்ட்ல இருக்கு கேண்டீன், தட்டைக் கையில வாங்கிட்டு இடம் தேடுற அந்தக் கூட்டமும் சாம்பார் வாசனையும், ரெண்டு வாரம் ரொட்டி தின்ன வாய்க்கு அது என்னன்னு சொல்லத் தெரியல. 1977ல கும்பாபிஷேகம் பண்ணின கோயில் அது, அழகப்பா அழகப்பன்னு ஐநா சபையில வேலை பாத்த ஒருத்தர் முன்ன நின்னு ஆரம்பிச்சது. நியூயார்க் போறவங்க சுதந்திர தேவி சிலையைப் பாத்தாலும் பாக்காட்டியும் அங்க ஒரு நடை போயிட்டு வாங்க.

மிச்சம் இருந்தது ஃபிலடெல்ஃபியாவும் வாஷிங்டனும். ஒரே ரயில் பாதை. எடிசன்ல இருந்து ஃபிலடெல்ஃபியா ரெண்டு மணி நேரத்துக்குள்ள, அங்க இருந்து வாஷிங்டன் இன்னும் ரெண்டு மணி நேரம். யாருமே ஃபிலடெல்ஃபியாவைச் சொல்லல. அந்த ஊரை என் மனசுல போட்டு வச்சவர் எங்க அப்பா.

நாங்க மதுரை, மேலமாசி வீதி பக்கத்துல ஒரு சந்துல வீடு. அந்த வீதியில மதனகோபால சுவாமி கோயில் இருக்கு. மீனாட்சியம்மன் கோயிலுக்கு வர்ற கூட்டத்துல இருந்து நூத்துல ஒருத்தர் கூட அங்க வர மாட்டாங்க, அமைதியான பெருமாள் கோயில். சின்ன வயசுல அப்பா சைக்கிள் பாருல என்னை உக்கார வச்சு அந்த வழியா போறப்பெல்லாம், "இந்தக் கோயிலோட மண்டபம் ஒண்ணு அமெரிக்காவுல இருக்கு தெரியுமா பாப்பா"ம்பார். எனக்கு அது எப்படின்னு புரியாது. மண்டபம் எப்படிப்பா போகும்னு கேப்பேன். "கப்பல்ல போச்சு"ம்பார். அவர் எங்கயோ ஒரு பத்திரிகையில படிச்சிருக்கார், ஊர் பேரும் சரியா சொல்லுவார், பிலடெல்பியா. வளந்தப்புறம் நான் அதைப் பத்தி யோசிச்சதே இல்ல. அப்பா 2019ல தவறிட்டார். பாஸ்போர்ட்டே எடுத்ததில்ல. அந்தப் பேப்பர்ல கோடு போட்டு உக்காந்திருந்த ராத்திரிதான், ஃபிலடெல்ஃபியான்னு எழுதினப்ப, அந்தச் சைக்கிள் பாரு ஞாபகம் வந்துச்சு. உடனே தேடினேன். அவர் சொன்னது அத்தனையும் நெசம்.

1912ல ஃபிலடெல்ஃபியாவைச் சேந்த அடெலின் பெப்பர் கிப்சன்னு ஒரு பொண்ணு, இந்தியா வந்தவங்க, மதுரைக்கும் வந்திருக்காங்க. மதனகோபால சுவாமி கோயில் வளாகத்துல பிரிச்சுப் போட்டு குவியலா கெடந்த சிற்பக் கல்லைப் பாத்திருக்காங்க. அறுபதுக்கு மேல துண்டு, எல்லாம் கருங்கல்லு, 16ஆம் நூற்றாண்டு வேலை. விலைக்கு வாங்கி கப்பல்ல ஏத்திக் கொண்டு போயிட்டாங்க. அப்புறம் முதல் உலகப் போர் வந்தப்ப ஃப்ரான்ஸ்ல ராணுவ ஆஸ்பத்திரியில சேவை செய்யப் போனவங்க அங்கயே இறந்துட்டாங்க. 1919ல அவங்க நினைவா குடும்பத்துக்காரங்க கல்லையெல்லாம் ஃபிலடெல்ஃபியா ஆர்ட் மியூசியத்துக்குக் குடுத்துட்டாங்க. பென்சில்வேனியா யூனிவர்சிட்டி சமஸ்கிருதப் பேராசிரியர் நார்மன் பிரவுன் இந்த மண்டபத்தை மட்டுமே ஆராய்ஞ்சு 1940ல ஒரு புத்தகம் போட்டிருக்கார். அமெரிக்காவுல வேற எந்த மியூசியத்துலயும் இந்த மாதிரி ஒரு பழைய தென்னிந்தியக் கோயில் மண்டபம் கிடையாது.

அதுக்கப்புறம் பேப்பர், கோடு எதுவும் தேவைப்படல. மியூசியம் செவ்வாய் புதன் லீவு, வெள்ளிக்கிழமை மட்டும் ராத்திரி எட்டே முக்கால் வரைக்கும் தொறந்திருக்கும், அஞ்சு மணிக்கு மேல நாமளா குடுக்குற தொகைதான் டிக்கெட். எனக்கு அமைஞ்சது வெள்ளிக்கிழமை. பையன்கிட்ட வாஷிங்டன் இந்தத் தடவை இல்லன்னு சொன்னேன். லாங் வீக்கெண்டுனால ஆம்ட்ராக்னு சொல்ற தொலைதூர ரயிலோட டிக்கெட் விலை நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஏறுச்சு, அது ஒரு காரணம். ஆனா நெசமான காரணம், அவன் ஆசையா கேட்ட அந்தக் கேப்ஸ்யூலை நான் போய் அரை மணி நேரத்துல போன்ல புடிச்சுட்டு வர்றது அவனுக்குச் செய்யுற நியாயம் இல்ல. அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான், ரெண்டு நாள் சரியா பேசல. அதைத் தாங்கிக்கத்தான் வேணும்.

அம்மாகிட்ட சொன்னேன். "அம்புட்டு தூரம் போயி கல்லுத் தூணையா பாக்கப் போற? இங்க இல்லாத தூணா?"ன்னாங்க. அப்பா சொல்லுவாரே அதும்மான்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "போயிட்டு வா"ன்னு மட்டும் சொன்னாங்க.

பெரிய பெட்டியை எடிசன்ல ஒரு தோழி வீட்டுல போட்டுட்டு ஒரு பேக்பேக்கோட கிளம்பினேன். ஆம்ட்ராக் வேணாம்னு நியூஜெர்சி ட்ரான்சிட் லோக்கல் ட்ரெயின்ல ட்ரெண்டன் வரைக்கும் போய், அங்க ஃபிலடெல்ஃபியா பக்கத்து லோக்கலான செப்டா ட்ரெயின் மாறி ஃபிலடெல்ஃபியா. இது விலையில பாதி கூட ஆகாது, லாங் வீக்கெண்டா இருந்தாலும் விலை ஏறாது, அரை மணி நேரம் கூட ஆகும் அவ்ளோதான். வழியெல்லாம் வெயில். அந்த அக்டோபர் மாசம் பூரா ஃபிலடெல்ஃபியாவுல ஒரு துளி மழை பெய்யல, ரெக்கார்டுன்னு பேசிக்கிட்டாங்க. அடுத்த மாசம் அஞ்சாம் தேதி ஜனாதிபதி தேர்தல் வேற, ஃபிலடெல்ஃபியா இருக்கிற பென்சில்வேனியா மாநிலத்துல யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான்னு ஊரே சொல்லிக்கிட்டிருந்த நேரம், வீட்டு வாசல் புல்லுல எல்லாம் ட்ரம்ப், ஹாரிஸ் போர்டு, சில இடத்துல பக்கத்துப் பக்கத்து வீட்டுல எதிரும் புதிருமா.

தேர்ட்டியத் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல இறங்கினா பெரிய ஹால், அதோட ஒரு கடைசியில வெண்கலத்துல ஒரு தேவதை, செத்துப் போன சிப்பாயைத் தோளுக்குக் கீழ கை குடுத்து நெருப்புல இருந்து தூக்குற மாதிரி. ரெண்டாம் உலகப் போர்ல செத்த ரயில்வேக்காரங்க நினைவா வச்சது, அடியில 1,307 பேரோட பேரு. ட்ரெயினுக்கு ஓடுற கூட்டம் அதைச் சுத்திக்கிட்டு ஓடுது. ரூம்ல பையைப் போட்டுட்டு, கொடி கட்டின பார்க்வே வழியா நடந்தேன். ஒவ்வொரு கம்பத்துலயும் ஒரு நாட்டுக் கொடி, நம்ம கொடியும் இருக்கு. கடைசியில மியூசியம், முன்னாடி 72 படி. அந்தப் படியில ஓடிப் போய் மேல கையைத் தூக்கி குதிக்கிறதுக்குன்னே கூட்டம் வருது, ஒரு பழைய பாக்சிங் படத்துனால. நான் மெதுவாத்தான் ஏறினேன். மணி அஞ்சே கால்.

மேல் மாடி. ஒவ்வொரு ரூமா தாண்டிப் போறேன், ஒரு திருப்பத்துல சட்டுன்னு எதிர்ல மண்டபம். ரெண்டு பக்கமும் வரிசையா தூணு, ஒவ்வொரு தூணுலயும் ஆள் உயரத்துக்கு உருவம் முன்னால வந்து நிக்குது. ஆஞ்சநேயர், கருடன், ரிஷிங்க, கும்பிட்டபடி நிக்கிற பக்தர், மேல யாளி. நடுவுல நடந்து போகலாம். நான் நடக்கல. அப்படியே வாசல்ல நின்னுட்டேன்.

எனக்கு முதல்ல தோணினது, இந்தக் கல்லு காஞ்சு போயிருக்கேன்னு. மதுரையில எந்தக் கோயில்லயும் தூணுன்னா எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், கருப்பா பளபளன்னு இருக்கும், போறவ வர்றவ கையில மிஞ்சின திருநீறையும் குங்குமத்தையும் அதுலதான் தடவிட்டுப் போவா, ஆஞ்சநேயர்னா வெண்ணெய் சாத்தியிருப்பாங்க, துளசி காஞ்சு தொங்கும், வௌவால் வாடை அடிக்கும். இங்க அது ஒண்ணும் இல்ல. வெளிர்ன சாம்பல் நிறம், கழுவி வச்ச மாதிரி. அதனாலயே உளி போன தடம் தெரியுது. ஒரு உருவத்தோட கை கிட்ட குனிஞ்சு பாத்தேன், விரல்ல நகம் தனியா தெரியுது, நகத்துக்கு மேல இருக்கிற மடிப்பு தெரியுது, கை வளைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல ஒரு நூல் அளவு இடைவெளி விட்டு குடைஞ்சிருக்கான். கருங்கல்லுல. எண்ணெய் ஏறின எங்க ஊர்த் தூணுல இதை நான் ஒரு நாளும் பாத்ததில்ல, இத்தனைக்கும் பொறந்ததுல இருந்து அதுல சாஞ்சு உக்காந்து வளந்தவ. தொடணும் போல இருந்துச்சு. தொடக் கூடாது.

அங்க இருந்த பெஞ்சுல உக்காந்தேன். கோவமும் வந்துச்சு, சொல்லாம இருக்க முடியல. சிலைத் திருட்டு மாதிரி இது திருட்டு இல்ல, காசு குடுத்து வாங்கினதுதான். ஆனா இதைக் குவியலா வெளிய போட்டது யாரு, வித்தது யாரு, வித்தப்ப அந்தக் கோயிலுக்கு வந்து போயிக்கிட்டிருந்த சனங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? அந்தப் பொண்ணு வாங்கலைன்னா இது எங்கயாச்சும் அஸ்திவாரத்துக்குள்ள போயிருக்குமோன்னும் தோணுது, இது இங்க நல்லா இருக்குன்னும் தோணுது, இது இங்க இருக்கக் கூடாதுன்னும் தோணுது. மூணும் ஒண்ணாத்தான் தோணுச்சு, இப்ப எழுதுறப்பவும் அப்படித்தான்.

மணி ஏழு. மதுரையில சனிக்கிழமை விடியக்காலை நாலரை. புரட்டாசி கடைசி சனிக்கிழமை, அம்மா எந்திரிச்சு குளிச்சு முடிச்சிருப்பாங்கன்னு தெரியும். மெதுவா வீடியோ கால் போட்டேன். ஈரத் துண்டு தலையில, நெத்தியில இன்னும் ஒண்ணும் வைக்கல. போனைத் திருப்பி ஒவ்வொரு தூணா காட்டினேன். அம்மா ஒண்ணுமே பேசல. ஆஞ்சநேயர் கிட்ட வந்தப்ப, "செருப்போடயா நிக்கிற?"ன்னாங்க. ஷூம்மா, இங்க கழட்ட முடியாதுன்னேன். "முடியாதுன்னா என்ன, கோயில்தானே"ன்னாங்க. பெஞ்சுல உக்காந்து ஷூவைக் கழட்டி சாக்ஸோட நின்னேன். காவலுக்கு நின்ன அம்மா ஒருத்தங்க பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. அவங்களுக்கு என்ன புரிஞ்சுதோ, அவங்க நல்லா இருக்கணும்.

சனிக்கிழமை ஊரைச் சுத்தினேன். ஃபிலடெல்ஃபியா, அதை உருவாக்கின வில்லியம் பென் 1682லயே கட்டம் கட்டமா போட்ட ஊரு, குறுக்கே போற தெருவுக்கு நம்பர், நெடுக்கே போறதுக்கு செஸ்ட்நட், வால்நட், ஸ்ப்ரூஸ், பைன்னு மரத்தோட பேரு. ஆடி, சித்திரை, ஆவணிமூலம், மாசின்னு மாசத்துப் பேருல கோயிலைச் சுத்திச் சுத்தி வர்ற தெருவுல வளந்தவளுக்கு அந்த நேர்கோடு முதல்ல ஒட்டல, மத்தியானத்துக்குள்ள பழகிடுச்சு, வழி கேக்கவே வேணாம். இண்டிபெண்டன்ஸ் ஹாலுக்கு முன்னாடியே நேரம் பதிவு பண்ணிக்கணும், லாங் வீக்கெண்டுல கடைசி நிமிஷத்துல கிடைக்காது, எனக்கு ஒரே ஒரு இடம் காலையில மாட்டுச்சு. 1776ல சுதந்திரப் பிரகடனமும் 1787ல அரசியல் சட்டமும் ஒரே ரூம்லதான் நடந்திருக்கு. ரூம் எவ்ளோ சின்னது தெரியுமா, ஒரு ஸ்கூல் க்ளாஸ் ரூமை விட கொஞ்சம் பெருசு. பச்சைத் துணி விரிச்ச மேசைங்க, முன்னாடி ஜார்ஜ் வாஷிங்டன் உக்காந்த நாற்காலி, சாயுற பலகைக்கு மேல பாதிச் சூரியன் செதுக்கியிருக்கு. அது உதிக்கிற சூரியனா மறையுற சூரியனான்னு கூட்டம் நடந்த அத்தனை நாளும் யோசிச்சுக்கிட்டிருந்த ஃபிராங்க்ளின், கடைசி நாள் கையெழுத்து ஆகுறப்ப இது உதிக்கிறதுதான்னு சொன்னாராம். லிபர்ட்டி பெல் எதிர்லயே, டிக்கெட் இல்ல. விரிசலை எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க. நான் எழுத்தைப் படிச்சேன், அதுல பென்சில்வேனியாங்கிறதுல ஒரு எழுத்து கம்மியா இருக்கு, அந்தக் காலத்துல அப்படியும் எழுதுவாங்களாம்.

மத்தியானம் ரீடிங் டெர்மினல் மார்க்கெட். 1890கள்ல ரயில் ஷெட்டுக்குக் கீழ ஆரம்பிச்ச சந்தை, சனிக்கிழமை நெரிசல் நம்ம கீழமாசி வீதி மளிகைக் கடை நெரிசல் மாதிரி. ஊரோட பேமஸ் சாப்பாடு மாட்டுக்கறி சாண்ட்விச், எனக்கு அது ஆகாது, புரட்டாசி வேற. ஒரு கடையில வெள்ளைத் தொப்பி போட்ட ஆமிஷ் பொண்ணுங்க, பழைய வாழ்க்கை முறையை விடாத ஒரு கிறிஸ்தவப் பிரிவு, ப்ரெட்செல் சுத்திக்கிட்டிருந்தாங்க. மாவை முழ நீளத்துக்கு உருட்டி, ரெண்டு நுனியையும் தூக்கிப் புடிச்சு காத்துலயே ஒரு முறுக்கு முறுக்கி, மடிச்சு வைக்கிறா, கைமுறுக்கு சுத்துற எங்க அப்பத்தா கை மாதிரியே, பாக்காமலேயே சுத்துறா. சூடா எடுத்து வெண்ணெய்ல முக்கிக் குடுத்தாங்க. நின்ன இடத்துலயே ரெண்டு தின்னேன். ஞாயித்துக்கிழமை ஆமிஷ் கடைங்க இருக்காது, போறவங்க சனிக்கிழமைக்குள்ள போயிடுங்க.

ஞாயித்துக்கிழமைக்கு, சுதந்திரப் போர்ல ஜார்ஜ் வாஷிங்டன் படை முகாம் போட்ட வால்லி ஃபோர்ஜ் போலாம், ஆமிஷ் ஊருங்க இருக்கிற லான்காஸ்டர் போலாம்னு முதல்ல ஒரு யோசனை இருந்துச்சு. காலையில எந்திரிச்சு நேரா மியூசியத்துக்கே போயிட்டேன், இந்தத் தடவை முழு டிக்கெட். ஜனங்க வர்றாங்க, போட்டோ எடுக்குறாங்க, போறாங்க. ஒரு அப்பா தோள்ல குழந்தையோட வந்து யாளி வாயைக் காட்டினார், குழந்தை பயந்து கழுத்தைக் கட்டிக்கிச்சு. மேல சுத்தி வர்ற கல்லுல ராமாயணம் செதுக்கியிருக்கு, வெள்ளிக்கிழமை அதை நான் நிமிந்தே பாக்கல, அன்னிக்கு ஒரு மணி நேரம் அண்ணாந்தே நின்னேன், கழுத்து வலிச்சுது.

முந்தின நாளே அம்மா வாட்ஸப்புல ஒரு போட்டோ போட்டிருந்தாங்க. வெள்ளி ராத்திரி ரூமுக்கு வந்து தூங்கினப்புறம் வந்தது. எப்பவும் புரட்டாசி சனிக்கு கூடலழகர் கோயிலுக்குப் போறவங்க, இந்தத் தடவை மதனகோபால சுவாமி கோயிலுக்குப் போயிருக்காங்க. ஒரு மூலையில அவங்க கட்டை விரல் மறைக்குது, பிரகாரம், சுவரு, வெறும் தரை, ஓரத்துல யாரோ ஏத்தி வச்ச ஒரு நெய் விளக்கு. கூட ஒரு வாய்ஸ் மெசேஜ். "பட்டர்கிட்ட கேட்டேன், மண்டபம் எங்க இருந்துச்சுன்னு அவருக்கும் தெரியலையாம். நானா சுத்திப் பாத்து இங்கதான் இருந்திருக்கும்னு நெனச்சு ஒரு விளக்கு வச்சுட்டு வந்தேன். உங்கப்பா பேருக்கு." அதை ஞாயித்துக்கிழமை அந்தப் பெஞ்சுல உக்காந்து இன்னொரு தடவை கேட்டேன், சத்தத்தைக் குறைச்சு வச்சு, ஷூவைக் கழட்டிட்டு.